டெக்சாஸ் முகவரி, பென்சில்வேனியாவில் 13 வாரம்: எந்த மாநில விதி?

அமெரிக்காவில் ட்ரெய்லரிலேயே வாழ்ந்து ஊர் ஊராகப் போகும் குடும்பம், பிள்ளைகளின் வீட்டுக்கல்விக்காகக் கடந்து போகும் ஒவ்வொரு மாநிலத்திலும் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் கணவரின் 13 வார நர்ஸ் கான்ட்ராக்ட்டுக்காகப் பென்சில்வேனியாவில் ஒரே இடத்தில் ட்ரெய்லரை நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டெக்சாஸ் முகவரியை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இப்படி ட்ரெய்லரில் வாழும் பலர் நிரந்தர முகவரிக்காக நாடும் டெக்சாஸ் ஊரான லிவிங்ஸ்டனில் தபால் முகவரி எடுத்து, லைசென்ஸையும் வண்டிப் பதிவையும் மாற்றியதும் பிள்ளைகளின் படிப்பு விஷயமும் அதோடு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். டெக்சாஸில் வீட்டுக்கல்வி தனியார் பள்ளிக் கணக்கில் வருகிறது, யாருக்கும் அறிவிக்க வேண்டாம். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, குடிமைப் பண்பு பாடத்தில் இருந்தால் சரி. பென்சில்வேனியா நேர் எதிர். உறுதிமொழிப் பத்திரம், 180 நாள் படிப்பு, வருடக் கடைசியில் மதிப்பீடு என்று போகும், அதுவும் 6 வயதிலிருந்தே.

முதலில் கேம்ப்கிரவுண்ட் ரசீதையும் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் முடியும் தேதியும் டெக்சாஸ் முகவரியும் இருந்தால் தற்காலிகத் தங்கல் என்று காட்ட வலுவான ஆதாரம். அப்புறம் அந்த ஊர்ப் பள்ளி மாவட்டத்துக்கு (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) போன் போட்டு, பெயர் சொல்லாமல், தற்காலிகமாகத் தங்குபவர்களுக்கு என்ன விதி என்று கேளுங்கள்.

எப்படியும் இன்றிலிருந்தே தேதி போட்டுப் பாடக்குறிப்பு எழுதுங்கள். பிள்ளை முடித்த கணக்குத் தாள்களைச் சாப்பாட்டு மேசை பெஞ்சுக்கு அடியில் ஒரு ஃபைலில் போட்டுவைத்தால் போதும்.

ஒன்று மட்டும்: கான்ட்ராக்ட்டை நீட்டித்தாலோ அங்கே வீடு வாடகைக்கு எடுத்தாலோ நிலைமை மாறிவிடும், அப்போது வீட்டுக்கல்வி தெரிந்த வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.