வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் இருந்தாரா? – பதில்

வணக்கம் சகோதரி. வினாடி வினாவுக்குப் படிக்கும் உங்கள் மகளிடம் ஒரு புத்தகம் அமெரிக்காவின் முதல் தலைநகர் நியூயார்க் என்கிறது, இன்னொன்று பிலடெல்பியா என்கிறது, எதைச் சொல்லித்தருவது என்று கேட்டிருந்தீர்கள். குழப்பம் கேள்வியில்தான் இருக்கிறது. 1776இல் சுதந்திரம் அறிவிக்கப்பட்டபோது காங்கிரஸ் எனும் மக்கள் பிரதிநிதிகள் அவை கூடியது பிலடெல்பியாவில். இன்றைய அரசியலமைப்பின் கீழ் அரசு தொடங்கிய இடம் நியூயார்க். அதனால் "எந்த அரசுக்கு முதல் தலைநகர்?" என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

1789 ஏப்ரல் 30 அன்று முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றது நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில், ஃபெடரல் ஹால் மாடத்தில். கீழே தெரு முழுக்கக் கூட்டம். சத்தியம் செய்ய பைபிளைப் பக்கத்தில் இருந்த ஒரு சங்கத்திலிருந்து அவசரமாக வாங்கி வந்தார்கள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அதே இடத்தில் 1842இல் கட்டி முடித்த வேறு கட்டடமும், முன்னால் அவர் சிலையும் நிற்கின்றன.

அப்புறம் 1790 முதல் 1800 வரை தலைநகர் பிலடெல்பியா.

மகள் வரைந்த படத்தில் வாஷிங்டன் வெள்ளை மாளிகை வாசலில் நிற்கிறார் என்றீர்களே, அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அவர் அங்கே ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. 1799 டிசம்பரில் இறந்துவிட்டார். முதலில் குடிபோனவர் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ், 1800 நவம்பரில். அப்போது வீட்டு வேலையே முடியவில்லை. அவர் மனைவி அபிகெயில், இன்று பெரிய விருந்துகள் நடக்கும் கிழக்கு அறையில் கொடி கட்டித் துணி உலர்த்தினார். குழந்தைக்கு இதைச் சொல்லுங்கள், வருடம் தானாக மனதில் நிற்கும்.