அப்பா பெயரில் இருந்த படகு ஜெட்டி எனக்கு வருமா?

கேள்வி: பினாங்கு மாநிலம் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர் என் அப்பா. தோட்டம் கைமாறியபோது வேலையை விட்டு ஆற்றில் இறங்கினார். 1991 இல் கிரியான் ஆற்றங்கரையில் டி.ஓ.எல். (அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம்) எடுத்து, படகு நிறுத்த ஜெட்டி கட்டினார். 2019 இல் தவறிவிட்டார். அதன் பிறகு நான்கு வருஷம் அவர் பெயரிலேயே கட்டணம் கட்டினேன். 2024 முதல் நில அலுவலகக் கவுண்டரில் வாங்க மறுக்கிறார்கள். இப்போது அந்தக் கரையில் கடைகளும் மின்மினிப் பூச்சி பார்க்கும் படகுச் சவாரியும் வரப் போகிறதாம். காலி செய்யச் சொல்லிப் போன மாதம் நோட்டீஸ் வந்தது. அதைக் கட்டப் போகும் நிறுவனம் 20,000 ரிங்கிட் சாகுஹாத்தி (கருணைத் தொகை) தருகிறதாம், புதுப் பொது ஜெட்டியில் இடமும் உண்டாம். பக்கத்து ஜெட்டிக்காரருக்கு 35,000. முப்பது வருஷ உழைப்புக்கு இதுதான் விலையா? ஜெட்டியை விட மாட்டோம் என்று எங்கள் தொகுதி ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) வாக்குக் கொடுத்திருந்தார். வழக்குப் போடலாமா? இன்னொன்று, 2021 இல் பாதி ஜெட்டியை மைத்துனருக்கு 12,000 ரிங்கிட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். அது பிரச்சினை ஆகாது என்று நினைக்கிறேன்.

பதில்: ஒய்.பி. கொடுத்த வாக்கு, பக்கத்துக்காரரின் 35,000, அப்பாவின் உழைப்பு, மூன்றையும் ஓரமாக வையுங்கள். எனக்கு வேண்டியது இரண்டே தேதி: அப்பா இறந்த தேதி, மச்சானுக்கு எழுதிக் கொடுத்த தேதி.

டி.ஓ.எல். என்பது ஆளோடு ஒட்டிய உரிமம். அதைக் கைமாற்ற முடியாது, உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்தது என்று தேசிய நிலச் சட்டத்தின் 68 ஆவது பிரிவு சொல்கிறது. வாரிசுக்கு வராது, உயிலில் எழுதினாலும் வராது. அப்பா உயிரோடு இருந்த காலத்திலும் அது டிசம்பர் 31 ஓடு காலாவதியாகிற காகிதம்தான். அரசு நிலத்தில் எத்தனை வருஷம் இருந்தாலும் அனுபவத்தால் உரிமை பிறக்காது, அது 48 ஆவது பிரிவு. 1982 இல் பேராக் அரசுக்கு எதிரான சிடேக் வழக்கில் கூட்டரசு நீதிமன்றமும், அனுமதியில்லாமல் குடியேறியவருக்குச் சட்டத்திலும் உரிமையில்லை, சட்டத்துக்கு அப்பால் நீதிமன்றம் பார்க்கும் நியாயத்திலும் (ஈக்விட்டி) உரிமையில்லை என்று முடித்துவிட்டது. நிலம் அரசாங்கத்துடையது என்பதால் 1960 ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தின் நஷ்ட ஈடும் உங்கள் பக்கம் வராது. சாகுஹாத்தி என்ற சொல்லே போதும். அது அவர்கள் மனமிரங்கிக் கொடுப்பது, நீங்கள் கேட்டு வாங்கும் உரிமை அல்ல.

சரி, அந்த நான்கு ரசீதுகள்? இறந்தவர் பெயரில் வாங்கிய பணம் உங்களுக்கு உரிமம் கொடுத்ததாகாது. அதிகாரிகளுக்குத் தெரிந்தே அங்கே இருந்தோம், வெறும் குடியேறிகள் அல்ல என்று 1991 ஆம் வருஷத்து பொஹாரி தாயிப் வழக்கைக் காட்டி வாதாடலாம். அதிகபட்சம், முழு விசாரணை இல்லாமல் சுருக்க வழியில் உங்களை வெளியேற்றுவது தள்ளிப்போகும். அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் கடைசி வரியில் ஒளித்து வைத்த விஷயம். இந்த மாதிரிக் கட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வருவார்கள். மளிகைக் கடை பிளாஸ்டிக் பையில் பழைய ரசீதுகள் ரப்பர் பேண்டு போட்டிருக்கும், அடியில் நான்காக மடித்த ஒரு சூராட் சும்பா, அதாவது சத்தியக் கடிதம். சத்தியப் பிரமாணக் கமிஷனர் முத்திரை, பத்து வெள்ளி (ரிங்கிட்) ஸ்டாம்ப், இரண்டு கைநாட்டு. 'எனக்குச் சொந்தமான ஜெட்டியின் பாதியை இன்னாருக்கு விற்றுவிட்டேன்' என்று அதில் இருக்கும். முத்திரை குத்தினால் விற்பனை ஆகிவிடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. சத்தியம் செய்தீர்கள் என்பதற்குத்தான் அந்த முத்திரை சாட்சி, சொன்னது உண்மை என்பதற்கு அல்ல.

நீங்கள் செய்த சத்தியம் பொய். 2021 இல் உங்களிடம் விற்க ஒன்றும் இல்லை. வழக்குப் போட்டால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான்: 'உங்கள் ஜெட்டியா, அப்பாவின் ஜெட்டியா?' உங்களுடையது என்றால் உரிமம் எங்கே என்பார்கள். அப்பாவுடையது என்றால் எப்படி விற்றாய் என்பார்கள். ஒப்பந்தம் செல்லாததால் 1950 ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 66 ஆவது பிரிவின்படி மச்சான் 12,000 த்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு ஆறு வருஷக் கெடு இருக்கிறது, இன்னும் தாண்டவில்லை. கோபத்தில் ஏமாற்றினான் என்று போலீஸ் புகார் கொடுத்தால், அது வேறு தலைவலி.

சில வருஷத்துக்கு முன் இதே ஆற்றில், பேராக் கரைப் பக்கம் ஒருவர். 15,000 ரிங்கிட்டை வேண்டாம் என்று என்னையும் மீறி இன்னொரு வக்கீலைப் பிடித்தார். மூன்று வாரத்துக்கு ஒரு தடையாணை கிடைத்தது, ஊரே கொண்டாடியது. பிறகு அந்த ஆணை கலைந்தது, எதிர்த்தரப்பின் செலவுத்தொகை இவர் தலையில் விழுந்தது, சாகுஹாத்தி பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை. ஒரு காலையில் ஜெட்டி உடைபட்டபோது ஐஸ் பெட்டியும் தகரக் கூரையும் அதோடு போயின. என் அலுவலகத்துக்கு வந்து அவர் கேட்டது அந்த ஐஸ் பெட்டியைத்தான்.

ஆகவே வழக்கு வேண்டாம், சமாதானம் பேசுங்கள். அந்த நோட்டீஸை நீதிமன்றத்தில் எதிர்க்கும் மறுசீராய்வுக்கு மூன்று மாதக் கெடு ஓடிக்கொண்டிருப்பது அவர்களுக்கும் தெரியும். அது முடிவதற்குள் உங்கள் கையெழுத்து அவர்களுக்குத் தேவை, உங்கள் பலமெல்லாம் அந்த அவசரம்தான். ஆனால் 20,000 த்தை 25,000 ஆக்கப் போராடாதீர்கள். மச்சானுக்குக் கொடுத்தது போக உங்கள் கையில் நிற்பது 8,000. அவரும் நாலு வருஷம் பாதி ஜெட்டியைப் பயன்படுத்தியிருக்கிறார், உட்கார்ந்து பேசினால் குறைப்பார். பணம் வாங்கும்போதே அந்தக் காகிதம் ரத்து என்று அவரிடம் எழுதி வாங்குங்கள்.

போராட வேண்டியது புது ஜெட்டியின் இடத்துக்கு. வாயால் சொன்னதை நம்பி 'முழு இறுதித் தீர்வு' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துப் போனால் சவாரிப் படகுகளுக்கு மட்டும் என்பார்கள். அந்த ஜெட்டியின் உரிமம் யார் பெயரில்? நிறுவனத்தின் பெயரில் என்றால் நீங்கள் அவர்கள் வீட்டு விருந்தாளி. வட்டார மீனவர் சங்கத்தின் பெயரில் கேளுங்கள். அதையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்தான், ஆனால் ஒரு மனிதரின் சாவோடு போகாது, சங்கம் கலைந்தால்தான் போகும். இன்னும் நல்லது, 62 ஆவது பிரிவின்படி மீனவர் படகுத்துறைக்கென்று அந்தக் கரைத்துண்டை அரசிதழில் ஒதுக்கச் சொல்வது. அப்புறம் யாராவது அதை எடுக்க நினைத்தால் அறிவிப்புப் போட்டு, ஆட்சேபம் கேட்டு, விசாரணை நடத்தித்தான் எடுக்க முடியும். இதைத் தனியாளாகக் கேட்டால் நடக்காது. 35,000 வாங்கிய பக்கத்து ஜெட்டிக்காரரும் வேண்டும், அதனால் அவரோடு சண்டை போடாதீர்கள். ஒய்.பி.யிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

உங்கள் படகு உரிமம் மீன்வளச் சட்டத்தின் கீழ் வருவது, அதற்கும் கரைக்கும் சம்பந்தமில்லை. அதைக் காட்டி யாரிடமும் வாதாட வேண்டாம்.

என்னைப் பார்க்க வரும்போது ரசீதுப் பை தேவையில்லை. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அந்த சூராட் சும்பா, நிறுவனத்தின் கடிதம், மூன்றும் போதும். மச்சானையும் அழைத்து வாருங்கள். ஜெட்டியின் நிபோங் பனைக் கால்களும் பலகையும் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், கையெழுத்து ஆகும்வரை அவற்றைப் பிடுங்காதீர்கள். எஞ்சினையும் வலையையும் ஐஸ் பெட்டியையும் மட்டும் இந்த வாரமே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.