சவ்வு அடைப்பும் உருண்டைக்குள் பற்றீரியாவும் (கடிதம்)

வணக்கம்.
நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கவனிக்கிறேன். தொட்டிக்குள் நின்று நீரை வடிகட்டும் தட்டைச் சவ்வுகள், தொட்டி 4 கன மீற்றர். குளோரினில் கழுவினாலும் ஐந்தாறு வாரத்தில் வழவழப்புப் படிந்து உறிஞ்சல் அழுத்தம் ஏறிவிடுகிறது. அந்த வழவழப்புப் படலம் கட்டுவதைத் தடுக்கும் பற்றீரியாவை வாங்கித் தொட்டியில் ஊற்றலாமா?
ம.

அன்புள்ள ம.,

ஊற்ற வேண்டாம். சேற்றில் ஏற்கெனவே வேரூன்றிய கூட்டத்தோடு போட்டியிட முடியாமல் அது மறைந்துவிடும். சிறு கூழ் உருண்டைக்குள் அடைத்துத்தான் விட வேண்டும்.

படலம் கட்டும் பல பற்றீரியாக்கள் ஏ.எச்.எல். எனும் சிறு மூலக்கூறை வெளிவிடுகின்றன. அதன் செறிவு ஓர் அளவைத் தாண்டினால், கூட்டம் சேர்ந்துவிட்டதென அறிந்து பசை சுரக்கின்றன. நீங்கள் கேட்கும் வகைப் பற்றீரியாவான றொடோகொக்கஸ் பி.எச்.4 (BH4) தன் லக்டோனேஸ் நொதியால் அந்த மூலக்கூறின் வளையத்தை உடைக்கிறது. எதையும் கொல்வதில்லை, அதனால் கழிவைத் தின்னும் பற்றீரியாக்களுக்குச் சேதமில்லை. எல்லாப் பற்றீரியாவும் இந்தச் சமிக்ஞையில் பேசுவதில்லை என்பதால் அடைப்பு தள்ளிப்போகுமே தவிர ஒழியாது.

உருண்டைக்கு, கல்சியத்தால் கூழாக இறுகும் கடற்பாசிப் பொருளான அல்ஜினேற்று மட்டும் போதாது. கழிவுநீரிலுள்ள பொஸ்பேற்று கல்சியத்தை இழுத்துக்கொள்ள, உருண்டை ஊதி உடையும். நீரில் கரையும் பிளாஸ்டிக்கான பொலிவைனில் அல்ககோலை 10% அளவில் வெந்நீரில் கரைத்து, 1–2% சோடியம் அல்ஜினேற்றுச் சேருங்கள். கைச்சூட்டுக்கு ஆறிய பிறகே பற்றீரியாவைக் கலக்க வேண்டும். போரிக் அமிலமும் 4% கல்சியம் குளோரைட்டும் உள்ள கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு, பின் சோடியம் சல்பேற்றுக் கரைசலில் இறுக விடுங்கள். போரிக்கில் நெடுநேரம் கிடந்தால் உள்ளே உள்ளவை செத்துவிடும்.

உருண்டையின் அளவு 3–4 மில்லிமீற்றர். சவ்வுத் தகடுகளின் இடைவெளியில் தடையின்றி ஓட வேண்டும். நாரிழைச் சவ்வென்றால் இழைகளுக்குள் சிக்கிவிடும். தொட்டிக் கொள்ளளவில் 0.5%, உங்களுக்கு 20 லீற்றர். வழிந்தோடும் வாயில் வலை போடுங்கள். குளோரினும் சிற்றிக் அமிலமும் உருண்டையைத் தொடக்கூடாது: முன்னது பற்றீரியாவைக் கொல்லும், பின்னது கல்சியத்தைப் பிடுங்கும்.

ஆனால் முதலில் பற்றீரியா இல்லாத வெற்று உருண்டைகளை ஒரு கழுவலிலிருந்து அடுத்த கழுவல் வரை ஓடவிடுங்கள். உருண்டை உரசுவதே சவ்வைத் துடைக்கிறது. அந்தப் பலனைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பற்றீரியாவின் வேலை. இதைச் செய்யாமல் காசு செலவழிக்காதீர்கள்.

உங்கள் ஊர்க் குளிரையும் கணக்கில் எடுங்கள். 15 பாகையில் நீரின் பாகுநிலை 25 பாகையில் உள்ளதைவிடக் கால்பங்குக்கு மேல் அதிகம். சவ்வு சுத்தமாக இருந்தாலும் விடியற்காலை அழுத்தம் கூடுதலாகவே காட்டும். வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்து, ஒரே நேரத்து அளவுகளையே ஒப்பிடுங்கள். குளிரில் நொதியும் மந்தமாகும்.

சமையலறைக் கொழுப்புப் பொறியைத் திறந்து பார்த்தீர்களா? காற்றுத் துளைகள் எல்லாத் தகட்டின் கீழும் சமமாக ஊதுகின்றனவா? இவ்விரண்டும் சரியில்லாத தொட்டியில் உருண்டை போட்டுப் பலனில்லை.