வட வேல்ஸில் ஒரே ஒரு கடலோரக் கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கே போகலாம்?

யோசிக்கவே வேண்டாம், கான்விக்குப் போங்கள். கைர்நார்வன், ஹார்லெக், பியூமாரிஸ், கான்வி நான்கையும் சேர்த்துத்தான் 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மற்ற மூன்றும் இளைத்தவை இல்லை. ஆனால் கான்வியில் கோட்டை, அதை ஒட்டிய ஊர், ஊரைச் சுற்றிய மதில் எல்லாம் ஒரே பிடியில் கிடைக்கும்.

வேல்ஸைப் பிடித்த கையோடு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1283-இல் வேலையை ஆரம்பித்து 1287-க்குள் முடித்துவிட்டார். எட்டு வட்டக் கோபுரங்கள். பலவற்றில் மரத்தாலான மாடித் தளங்கள் எப்போதோ போய்விட்டன. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், ஆள் எட்டவே முடியாத உயரத்தில் சுவரில் ஒரு கணப்படுப்பு தெரியும், மேலே வட்டமாக வானம். சுழல் படிகள் குறுகல். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். மூட்டுவலிக்காரர்கள் கீழே முற்றத்தோடு நின்றுகொள்வது நல்லது.

இவ்வளவு பலமான கோட்டை விழுந்த கதைதான் எனக்குப் பிடித்தது. 1401 புனித வெள்ளியன்று காவல் வீரர்கள் ஊர்த் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். தச்சு வேலைக்கு வந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்து கோட்டையைப் பிடித்தது ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளின்டூரின் உறவினர்களான டியூடர் சகோதரர்களின் கும்பல். முற்றுகை, பீரங்கி எதுவும் தேவைப்படவில்லை.

பெரும்பாலானவர்கள் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள், அதுதான் அநியாயம். ஊர்மதில் சுமார் 1.3 கிலோமீட்டர், 21 கோபுரங்கள். பெரும்பகுதி மேலே ஏறி நடக்கலாம், கட்டணம் கிடையாது. மேட்டுப் பக்க முனையிலிருந்து பார்த்தால் கோட்டை, ஓட்டு வீடுகள், கழிமுகம் மூன்றும் ஒரே பார்வையில் அடங்கும். தெற்குப் பக்கத்தில் மதிலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு வரிசையாகப் பன்னிரண்டு கழிப்பிடங்கள் கட்டியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் அவர்களுக்கு அதுதான் ஞாபகம் இருக்கும், எழுதித் தருகிறேன்.

அப்புறம் படகுத்துறைக்கு இறங்குங்கள். பிரிட்டனிலேயே மிகச் சிறிய வீடு என்று சொல்லும் சிவப்பு வீடு அங்கேதான். முகப்பு ஆறடி அகலம்தான், கடைசியாகக் குடியிருந்தவரோ ஆறடிக்கு மேல் வளர்ந்த மீனவர்! நேரம் இருந்தால் 16-ஆம் நூற்றாண்டு மாளிகையான பிளாஸ் மவுர். அதன் சுண்ணச் சிற்ப வேலைப்பாடுகளைப் பார்க்கவாவது போகலாம்.

ரயில் நிலையம் மதிலுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் நிற்காது. பக்கத்து நிலையமான லாண்டுட்னோ ஜங்ஷனில் இறங்கி பாலம் வழியாக நடந்து வந்தால் கோட்டையை எதிரே பார்த்துக்கொண்டே வரலாம். காரில் வருபவர்கள் வண்டியை மதிலுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள், உள்ளே தெருக்கள் ரொம்பக் குறுகல்.