புது காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: டெலிவரிக்கு முன்பே எடுத்துவிட வேண்டுமா?

வாசகர் கேள்வி: டர்போ பெட்ரோல் எஞ்சினும் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உள்ள புது கார் புக் செய்திருக்கிறேன். அடுத்த வாரம் டெலிவரி. கம்பெனி வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். கூடுதலாக 2 வருடத்துக்கோ 4 வருடத்துக்கோ எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்கிறார் ஷோரூம்காரர். என் மைத்துனரோ அது வீண் செலவு என்கிறார். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். 7, 8 வருடமாவது வைத்திருப்பேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் விஷயத்தில் வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் கார் தயாரித்த கம்பெனியே நேரடியாகக் கொடுக்கும் வாரண்டியாக இருக்க வேண்டும். 2 வருடத் திட்டத்தைவிட 4 வருடத் திட்டமே உங்களுக்குப் பொருந்தும். அடுத்த வாரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும் என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

மைத்துனர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடலாம். இந்த வாரண்டிக்கு நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதிதான் பழுது பார்க்கப் போகிறது. மீதி நிர்வாகச் செலவு, லாபம், விற்றவருக்கான கமிஷன். ஆகவே வாங்கியவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கட்டியதைவிடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும். பணம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்குவதில் அர்த்தமில்லை. வாங்குவதற்கு ஒரே ஒரு நல்ல காரணம்தான் உண்டு: ஒரே நாளில் வந்து நிற்கும் பெரிய பில்லைத் தாங்க முடியாது என்பது. அந்த பில் உங்கள் காருக்கு வரக்கூடியதா, வந்தால் உங்களால் சமாளிக்க முடியுமா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. உங்கள் மாடலுக்கு கியர்பாக்ஸ் முழுதாக மாற்ற, டர்போ மாற்ற, ஏசி கம்ப்ரசர் மாற்ற லேபரோடு சேர்த்து எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் கேளுங்கள். ஷோரூமில் கேட்காதீர்கள், சர்வீஸ் பிரிவில் கேளுங்கள். வாரண்டியின் விலையை அந்தப் பெரிய பழுதின் செலவால் வகுத்துப் பாருங்கள். எட்டில் ஒரு பங்கு வந்தால், அந்தக் காலத்துக்குள் அப்படி ஒரு பழுது வர 12.5 சதவீத வாய்ப்பாவது இருந்தால்தான் கட்டிய பணத்துக்குச் சரியாகும். சின்னப் பழுதுகளும் வாரண்டியில் வரும் என்பதால் தேவையான வாய்ப்பு கொஞ்சம் குறையும். உங்கள் காரில் அந்தப் பழுது வருமா என்று யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இந்தப் பங்கு நிறையச் சொல்லிவிடும். பதினைந்தில் ஒன்று என்றால் தயங்க வேண்டாம். மூன்றில் ஒன்று என்றால் அந்தப் பணத்தைக் காருக்கென்று தனியாக வங்கியில் போட்டு வைத்தால் போதும்.

சாதாரண பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், பல வருடமாகச் சந்தையில் ஓடி நிரூபித்த மாடல், நாலு வருடத்தில் விற்றுவிடும் பழக்கம். இப்படிப்பட்டவருக்கு மைத்துனரின் பதிலையே நானும் சொல்வேன். உங்கள் கார் வேறு வகை. டர்போ மிக அதிக வெப்பத்தில், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பாகம். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் இரண்டு கிளட்சுகள், அவற்றை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் என்ற ஹைட்ராலிக், எலக்ட்ரானிக் தொகுதி என எல்லாம் நெருக்கமாக அமைந்திருக்கும். பழுது வந்தால் ஒரு சின்ன பாகத்தை மட்டும் மாற்ற முடியாமல், முழுத் தொகுதியையே மாற்றச் சொல்வது வழக்கம். குறிப்பாக, எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை என்றால், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது நன்றாகச் சூடேறும். தினமும் நெரிசலில் ஓட்டுபவர் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

எலக்ட்ரானிக்ஸை மறந்துவிட வேண்டாம். தொடுதிரை, ஏபிஎஸ் மாட்யூல், எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், கேமரா, ரேடார், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியு ஆகியவை ஓட்டிய தூரத்தைவிட வெப்பம், ஈரம், வயது இவற்றால்தான் கெடுகின்றன. குறைவாக ஓட்டுகிறேன், எனக்கெதற்கு வாரண்டி என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

அடுத்தது, பழுது எப்போது வரும் என்பது. தயாரிப்பிலேயே இருந்த கோளாறுகள் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வருடங்களில் வெளிப்பட்டுவிடும். அவற்றை கம்பெனியின் முதல் வாரண்டியே பார்த்துக்கொள்ளும். தேய்மானத்தால் வரும் பழுதுகள் பிற்பாடுதான் அதிகமாகும். இரண்டுக்கும் நடுவே கார் அமைதியாக ஓடும் காலம் ஒன்று இருக்கிறது. 2 வருடத் திட்டம் பல நேரம் அந்த அமைதியான காலத்தோடு முடிந்துவிடும். நீங்கள் 8 வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். அப்படியானால் 6, 7-ஆம் வருடங்களுக்குப் பாதுகாப்பு இருப்பதுதான் உங்களுக்குப் பயன். 4 வருடத் திட்டத்தைச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

"இவ்வளவு பெரிய கோளாறு என்றால் கம்பெனியே பொறுப்பேற்காதா?" என்று கேட்கலாம். சில சமயம் ஏற்கிறது. டிஎஸ்ஜி என்ற தன் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் பற்றிப் புகார்கள் குவிந்த பிறகு 2012-இல் ஃபோக்ஸ்வாகன் சீனாவில் அதன் வாரண்டியை 10 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று நீட்டியது. ஹூண்டாயும் கியாவும் 2019-இல் அமெரிக்காவில் தீட்டா 2 எஞ்சின் கார்களுக்கு, குறிப்பிட்ட ஒரு பழுது வகைக்கு ஆயுள் வாரண்டி கொடுக்க ஒப்புக்கொண்டன. ஆனால் இவையெல்லாம் பல வருடப் புகார்களுக்கும் வழக்குகளுக்கும் பிறகு வந்தவை. ஒரு நாட்டில் கிடைத்த சலுகை இன்னொரு நாட்டில் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை நம்பித் திட்டம் போட முடியாது. அதேசமயம், நீங்கள் வாங்கும் மாடலின் கியர்பாக்ஸுக்கு எங்காவது இப்படி வாரண்டி நீட்டியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். அந்த பாகம் தொல்லை தரக்கூடியதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கிலோமீட்டர் வரம்பில் பலர் ஏமாறுகிறார்கள். "வருடம் அல்லது கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது" என்ற வரியைக் கவனியுங்கள். வருடத்துக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 3 வருட, 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி இரண்டரை வருடத்திலேயே முடிந்துவிடும். அவர் 5 வருடம், 1.5 லட்சம் கிலோமீட்டர் என்று நீட்டினாலும் மூன்றே முக்கால் வருடத்தில் வரம்பு தீர்ந்துவிடும். இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டி ஒன்றேகால் வருடம்தான் கிடைக்கும். உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. 7 வருட முடிவில்கூட 84,000 கிலோமீட்டர்தான் ஆகியிருக்கும். ஆகவே கிலோமீட்டர் வரம்பு அதிகமுள்ள திட்டத்துக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இனி, யாருடைய வாரண்டி என்பது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஷோரூமில் விற்றாலும், தாளில் கையெழுத்திடுவது கார் கம்பெனியாக இருக்கலாம், டீலராக இருக்கலாம், சம்பந்தமே இல்லாத மூன்றாவது நிறுவனமாகவும் இருக்கலாம். மேலே கார் கம்பெனியின் சின்னம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். "இந்த ஒப்பந்தத்தின் பொறுப்பாளர்" என்று உள்ளே எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி வாரண்டி என்றால் அந்த பிராண்டின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் கையிலிருந்து பணம் போடாமல் வேலை நடக்கும். டீலர் தரும் வாரண்டி என்றால் ஊர் மாறினால் சிக்கல், அந்த டீலர் கடையை மூடினாலும் சிக்கல். மூன்றாம் நிறுவனம் என்றால், நீங்கள் முதலில் பில்லைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டியிருக்கலாம். அமெரிக்காவில் கார்ஷீல்டு என்ற நிறுவனம், விளம்பரத்தில் சொன்ன பல பழுதுகளுக்கு உண்மையில் பாதுகாப்பு தரவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2024-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்திடம் 1 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அவ்வளவு பிரபலமான நிறுவனத்திலேயே இப்படி நடக்கிறது.

ஒப்பந்தத்தைக் கையில் வாங்கியதும் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். எது கிடைக்காது என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். இரண்டு வகை ஒப்பந்தங்கள் உண்டு. ஒன்று, இன்னின்ன பாகங்களுக்கு மட்டும் பாதுகாப்பு என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுவது. மற்றது, இவற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்பது. இரண்டாவது வகையே நல்லது. முதல் வகையில் உங்கள் பாகத்தின் பெயர் இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வைப்பர், டயர், 12 வோல்ட் பேட்டரி, ரப்பர் புஷ் போன்ற தேயும் பாகங்கள் எதிலும் வராது. டூயல் கிளட்சின் தட்டுகள் "கியர்பாக்ஸில்" அடங்குமா, "தேயும் பாகத்தில்" அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் காரின் மிகப் பெரிய செலவு ஒருவேளை அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பிரித்துப் பார்க்கும் செலவு யாருடையது, ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு உண்டா, ஒவ்வொரு முறையும் உங்கள் பங்காக ஏதாவது கட்ட வேண்டுமா, புது பாகம் போடுவார்களா அல்லது புதுப்பித்த பாகமா என்பவற்றையும் கேட்டுவிடுங்கள்.

விபத்து, வெள்ளம், எலி கடித்த வயரிங் எல்லாம் வாரண்டியில் வராது. அவை இன்ஷூரன்ஸ் விஷயம். வெளியில் ஹாரன், விளக்கு, ஆடியோ மாட்ட வயரை வெட்டினால் எலக்ட்ரிக்கல் கிளெய்ம் மொத்தமாக நிராகரிக்கப்படலாம். (எலக்ட்ரிக் கார் வாங்கும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: பேட்டரிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர் போலத் தனி வாரண்டி தருகின்றன. எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தால் மோட்டார், இன்வெர்ட்டர், காருக்குள் இருக்கும் சார்ஜர் இவற்றுக்காக எடுங்கள்.)

விலைப் பட்டியலில் இல்லாத செலவு ஒன்றும் உண்டு. இந்த வாரண்டி உயிரோடு இருக்க வேண்டுமானால், பெரும்பாலும் 7 வருடமும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில், குறித்த தேதிக்குள் சர்வீஸ் செய்ய வேண்டும். கம்பெனி தரும் முதல் வாரண்டியைப் பொறுத்தவரை, வெளியில் சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக அதை ரத்து செய்யக் கூடாது என்று 1975-ஆம் ஆண்டின் அமெரிக்க வாரண்டிச் சட்டம் போலச் சில நாடுகளில் பாதுகாப்பு உண்டு. காசு கொடுத்துத் தனியாக வாங்கும் ஒப்பந்தத்துக்கு அதன் சொந்த நிபந்தனைதான் பேசும். நம்பிக்கையான தனியார் மெக்கானிக்கிடம் மூன்றாவது வருடத்துக்குப் பிறகு போகலாம் என்று நினைத்திருந்தால், இரண்டு இடங்களின் சர்வீஸ் கட்டண வித்தியாசத்தை 4 வருடத்துக்குப் பெருக்கி வாரண்டியின் விலையோடு கூட்டுங்கள். மேலே சொன்ன வகுத்தல் கணக்கில் அந்தக் கூட்டுத்தொகையைத்தான் போட வேண்டும். எப்படியானாலும் சென்டரிலேயே விடுவேன் என்றால் இந்தச் செலவு உங்களுக்கு இல்லை.

சரி, எப்போது வாங்குவது? பல கம்பெனிகள் முதல் வாரண்டி முடியும்வரை விற்கின்றன. காலம் போகப் போக விலை படிப்படியாக ஏறும், சில இடங்களில் காரைப் பரிசோதித்த பிறகே தருவார்கள். அந்த விலைப் படிகள் என்னென்ன, கடைசித் தேதி எது என்று கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். முதல் படிக்கும் இரண்டாவது படிக்கும் வித்தியாசம் சின்னதாக இருந்தால், சில மாதங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு, காரை நீண்டகாலம் வைத்திருக்க மனம் இருக்கிறதா என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் டெலிவரியின்போதே எடுத்துவிடலாம், அதில் தவறில்லை. 4 வருடத் திட்டத்தை மட்டும் ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கக்கூடும், அதையும் கேளுங்கள்.

எடுப்பதென்றால் காரின் லோனோடு சேர்க்காமல் தனியாகப் பணம் கட்டுங்கள். லோனில் சேர்த்தால், நாலாவது வருடத்தில்தான் தொடங்கும் ஒரு பாதுகாப்புக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்டுவீர்கள். இடையில் காரை விற்க நேர்ந்தால் வாரண்டியைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்ற முடியுமா, அல்லது ரத்து செய்து மீதிப் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ஷோரூம்காரர் வாயால் சொன்னால் போதாது.