மாணவராக எழுதப் பழகும்போது எதில் அதிகம் திணறினீர்கள்? உங்கள் எழுத்து எப்படி வளர்ந்தது?

நான் இயற்பியல் முதுகலை மாணவி. பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் என் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். எழுத வரும் என்ற நம்பிக்கையோடுதான் கல்லூரிக்கு வந்தேன். வந்த பிறகு ஒரு பக்கம் எழுதவே திண்டாடினேன். என்ன ஆயிற்று என்று பின்னால் யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த விடை இதுதான்: படிக்கிற ஆள் மாறிவிட்டார்.

பள்ளியில் நாம் எழுதுவதைப் படிப்பவர் ஆசிரியர். அவருக்கு விடை ஏற்கெனவே தெரியும். நமக்கும் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் படிக்கிறார். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, நடுவில் இரண்டு மேற்கோள், கண்ணில் படும்படி முக்கியச் சொற்கள். இவை இருந்தால் போதும். நடுவில் ஒரு படி விட்டுப்போனாலும் அவர் தன் மனத்தில் அதை நிரப்பிக்கொண்டு மேலே படித்துவிடுவார். பள்ளிக்காலம் முழுக்க இப்படி ஒரே வகை வாசகருக்கு எழுதிப் பழகிவிடுகிறோம். விஷயம் தெரியாத ஒருவருக்கு எழுதும் பயிற்சி நமக்குக் கிடைப்பதே இல்லை. என் திணறல் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

ஓர் உதாரணம் சொன்னால் தெளிவாக இருக்கும். துறை இதழுக்காக, இயற்பியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு கட்டுரை கேட்டார்கள். குளிர்நாடுகளில் ஏரி ஏன் அடியிலிருந்து உறையாமல் மேலிருந்து உறைகிறது என்பதை எடுத்துக்கொண்டேன். முதலில் எழுதியது இது:

"நீரின் முரண்பட்ட விரிவுப் பண்பின் காரணமாக, 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் பெரும அடர்த்தியை அடையும் நீரானது அதற்குக் குறைவான வெப்பநிலைகளில் விரிவடைவதால், நீர்நிலைகளின் மேற்பரப்பிலேயே உறைதல் தொடங்குகிறது."

இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. விடைத்தாளில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கையிடம் படித்துக் காட்டினேன்.

"அக்கா, விரிஞ்சா ஏன் மேல வரணும்?" என்று கேட்டாள்.

"அதே தண்ணிதான், ஆனா இப்ப அதிக இடத்த அடைச்சிக்குது. அப்ப பக்கத்துல இருக்கிற தண்ணிய விட லேசாயிடும்ல? லேசானது மேலதான நிக்கும்."

"சரி, அதுக்கு முன்னாடி குளிர்ந்த தண்ணி எங்க போச்சு?"

இந்த இரண்டாவது கேள்வி என்னைப் பிடித்து நிறுத்தியது. 4 டிகிரிக்கு மேலே இருக்கும்போது குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் கேட்டதை எல்லாம் வைத்துக்கொண்டு மறுபடி எழுதினேன்:

"ஏரித் தண்ணீரின் மேற்பரப்பில்தான் குளிர்காற்று படுகிறது. குளிர்ந்த தண்ணீர் சுருங்கிக் கனமாகிக் கீழே இறங்கும். அடியில் இருக்கும் சற்றே சூடான தண்ணீர் மேலே வரும். மொத்தத் தண்ணீரும் 4 டிகிரிக்கு வரும்வரை இப்படியே நடக்கும். அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். 4 டிகிரிக்குக் கீழே குளிரக் குளிரத் தண்ணீர் விரிகிறது. விரிந்தது லேசாகும், லேசானது கீழே இறங்காது. மேலேயே நின்று, மேலும் குளிர்ந்து, அங்கேயே உறைகிறது. அடியில் 4 டிகிரித் தண்ணீரில் மீன்கள் உயிரோடு இருக்கும்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அடைமொழி, காரணம், நிபந்தனை எல்லாம் அதற்கு முன்னால் வரிசையாக நிற்கும். ஆகவே நீளமான வாக்கியத்தில், கடைசிச் சொல் வரும்வரை வாசகர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. விஷயம் தெரிந்தவருக்குச் சுமை தெரியாது, முடிவு எங்கே போகும் என்று அவருக்கு முன்பே தெரியும். தெரியாதவர் பாதியில் இறக்கி வைத்துவிடுவார். "உறைதல் தொடங்குகிறது" என்பதற்குப் பதில் "உறைகிறது", "விரிவடைவதால்" என்பதற்குப் பதில் "விரிகிறது" என்று ஒவ்வொரு செயலுக்கும் அதற்கான வினைமுற்றைக் கொடுத்து, அங்கங்கே முற்றுப்புள்ளி வைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அன்றிலிருந்து என் எழுத்தில் நான் முதலில் தேடுவது "-தல்", "-வதால்" என்று முடிகிற சொற்களைத்தான்.

நமக்குத் தெரிந்த ஒன்று அடுத்தவருக்குத் தெரியாது என்பதைக் கற்பனை செய்வது எவ்வளவு சிரமம் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. 1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது. சிலர் எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியளவாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவருக்குள் மெட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது டொக் டொக் என்ற ஓசைதான். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துப்போனது. என் ஏரி வாக்கியத்தில் மெட்டு முழுவதும் என் தலைக்குள்தான் ஓடியது.

ஆனால் இதைத் தெரிந்துகொண்டதும் இன்னொரு சிக்கல் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வரி எழுதும்போதும் "இது அவருக்குப் புரியுமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் வரியே நகராது. எழுதுவேன், அழிப்பேன், மறுபடி எழுதுவேன். மாலை முழுக்க உட்கார்ந்து ஒரு பத்தி தேறாத நாட்கள் உண்டு. நமக்கு எழுத வராது என்று முடிவு கட்டிவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன். இதிலிருந்து என்னை மீட்டது லிண்டா ஃப்ளவர் என்ற பேராசிரியை 1979-இல் எழுதிய ஒரு கட்டுரை. எழுதுபவர் தனக்காக எழுதும் உரைநடை ஒன்று, வாசகருக்காக எழுதும் உரைநடை இன்னொன்று என்று அவர் பிரிக்கிறார். முதல் வகையில் விஷயங்கள் நாம் கண்டுபிடித்த வரிசையில் வரும். இரண்டாவது வகையில் வாசகருக்குத் தேவையான வரிசையில் வரும். இதில் எனக்குப் பிடித்த இடம், முதல் வகையை அவர் வெறும் குறை என்று ஒதுக்குவதில்லை. அது சிந்தனையின் ஒரு கட்டம், அதை எழுதித்தான் அடுத்ததுக்குப் போக முடியும் என்கிறார்.

அதன் பிறகு முதல் வரைவை எனக்காக மட்டுமே எழுதுகிறேன். பாதி வாக்கியம், கேள்விக்குறி, "இது சரியா பார்க்கணும்" என்ற குறிப்பு, எல்லாம் கலந்து கிடக்கும். அதை யாருக்கும் காட்டுவதில்லை. மறுநாள் எடுத்து, விஷயமே தெரியாத ஒருவரை மனத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முதலிலிருந்து புதிதாக எழுதுவேன். பழைய வரிகளைத் திருத்திக்கொண்டிருந்தால் பழைய வரிசையே ஒட்டிக்கொள்கிறது. ஆகவே பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேறு தாளில் எழுதுவது எனக்கு ஒத்துவருகிறது.

இதோடு தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய ஒரு தடை இருக்கிறது: பேசும்போது ஓர் ஆள், பேனா பிடித்தால் வேறோர் ஆள். தங்கையிடம் நான் பேசிய தமிழில் தயக்கமே இல்லை. எழுத உட்கார்ந்ததும் "ஆகும்", "எனலாம்", "காணப்படுகிறது", "மேற்கொள்ளப்பட்டது" என்று வர ஆரம்பித்துவிடும். பேச்சுத்தமிழிலேயே எழுதிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கதைக்கு அது சரி, கட்டுரைக்கு எனக்கு அது உதவவில்லை. பேச்சில் இருக்கிற வரிசையை எடுத்துக்கொண்டு எழுத்துத்தமிழின் சொற்களைப் போட்டேன். எழுதியதை வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடைத்தேன். "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது" என்று வந்தால் யார் செய்தார்கள் என்று பெயர் சொல்லி எழுதப் பார்க்கிறேன். சில இடங்களில் யார் என்று எனக்கே தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரியும். எழுந்து போய்த் தேடிவிட்டு வந்து எழுத வேண்டியிருக்கும். நடை சரியாகிறதோ இல்லையோ, என் படிப்பு இதனால் நன்றாகவே ஆழமாகியிருக்கிறது.

ஒற்றுப்பிழை பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அதைக் கடைசித் திருத்தத்துக்கு விட்டுவிடுங்கள். "ஐ", "கு" உருபுகள் வெளிப்படையாக வந்தால் அடுத்து வரும் வல்லினம் மிகும் (புத்தகத்தைப் படித்தேன், அவளுக்குக் கொடுத்தேன்); "அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி" என்பவற்றுக்குப் பின்னும் மிகும். இந்த இரண்டு விதிகளிலேயே என் பிழைகளில் பெரும்பகுதி போய்விட்டது.

பாடத்தில் நன்னூலை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவர்கள் ஒருமுறை திரும்ப எடுத்துப் பாருங்கள். பவணந்தி முனிவர் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்கிறார் அல்லவா, திருத்தும்போது அதைவிட நல்ல பட்டியல் எனக்குக் கிடைக்கவில்லை. அதில் முதலில் வருவது "குன்றக் கூறல்", அடுத்ததுதான் "மிகைபடக் கூறல்". எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் "சுருக்கு, சுருக்கு" என்பார்கள். தேவையானதை விட்டுவிடுவதும் குற்றம் என்று அவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். பத்து அழகுகளில் "சுருங்கச் சொல்லல்" என்பதை அடுத்து "விளங்க வைத்தல்" வருகிறது. என் ஏரி வாக்கியம் சுருங்கியிருந்தது, விளங்கவில்லை. மற்ற குற்றங்களில் என்னை விடாமல் துரத்துவது "சென்று தேய்ந்து இறுதல்". ஆரம்பத்தில் உற்சாகமாகக் கிளம்பி, கடைசிப் பக்கத்தில் சோர்ந்துபோவேன். களைத்த பிறகு முடிவை எழுதுவதுதான் காரணம் என்று தோன்றுகிறது. இப்போதெல்லாம் கடைசிப் பகுதியைக் காலையில், தெளிவாக இருக்கும்போது எழுதுகிறேன்.

கருத்துக் கேட்பதிலும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. "எந்த இடத்தில் நின்று திரும்பப் படித்தாய்? அங்கே ஒரு கோடு போடு" என்று கேட்டால் உண்மை வரும். கோடு விழுந்த இடத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கும், அநேகமாக எப்போதும். முதலில் அந்தக் கோடுகளைப் பார்த்தால் மனம் சுருங்கும். இப்போது கோடே இல்லாமல் தாள் திரும்பி வந்தால் உண்மையிலேயே படித்தார்களா என்று சந்தேகம் வருகிறது.

அறிவியல் எழுதுவதில் ஓரளவு கை பழகியிருக்கிறது. மனிதர்களைப் பற்றி எழுதுவதில் இன்னும் ஆரம்பத்தில்தான் நிற்கிறேன். போன வருடம் இறந்துபோன தாத்தாவைப் பற்றி எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். "பாசமானவர்", "கண்டிப்பானவர்" என்று எழுதும்போது எனக்கு அவர் முகம் வருகிறது, அவரைத் தெரியாதவருக்கு ஒன்றுமே வராது. அவர் எங்கள் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடும் விதத்தை எழுதிப் பார்த்தேன். ஓரத்தை நகத்தால் அழுத்தி மடிப்பார், மடிப்பு கோணினால் பிரித்து மறுபடி போடுவார், "புத்தகம் கிழிஞ்சா படிப்பும் கிழியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். அந்தப் பத்தி மட்டும் கொஞ்சம் உயிரோடு இருப்பதாகப் படுகிறது. தங்கையிடம் காட்டலாம் என்றால் அவளுக்கும் தாத்தாவைத் தெரியும், விட்டுப்போனதை அவளே நிரப்பிக்கொள்வாள். ஆகவே அவரைப் பார்த்தே இராத விடுதித் தோழியிடம், நிற்கும் இடத்தில் கோடு போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.