சேற்றுக்குத் தாய்: திருமகள் வழிபாடு – கேள்வி பதில்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகள் இரட்டிப்பாகிவிடும். நாற்பது ஆண்டுகளாக வரலட்சுமி நோன்பு எடுப்பவள், திருமகள் துதியான ஸ்ரீசூக்தத்தை அப்பாவிடம் பொருளோடு பாடம் கேட்டவள் என்ற இரண்டைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காலண்டர் படங்களில் திருமகளின் கையிலிருந்து காசு கொட்டுகிறது. கோயில் சிற்பங்களிலோ இரண்டு யானைகள் நீர் ஊற்றுகின்றன, காசைக் காணோம். எது சரி அம்மா? (கும்பகோணம் வாசகர்)

யானைகள்தாம் மூத்தவை. மாமல்லபுரம் வராக மண்டபத்துக்குப் போனால் ஏழாம் நூற்றாண்டுக் கஜலட்சுமியைப் பார்க்கலாம். தாமரையில் அமர்ந்திருக்கிறாள், இரு பக்கமும் பெண்கள் குடங்களோடு நிற்கிறார்கள், மேலே யானைகள் நீராட்டுகின்றன. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பார்ஹூத், சாஞ்சி பௌத்தத் தூபிகளில் இதே காட்சியைச் செதுக்கிவிட்டார்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளின் நிலைக்கு மேலே மரத்தில் இருப்பதும் இதுதான்.

யானை என்பது மழைமேகம். கறுத்து, பருத்து, உறுமிக்கொண்டு வந்து தண்ணீரைக் கொட்டுவது வேறு எது? ஸ்ரீசூக்தத்தைப் பொருள் தெரிந்து படித்தால் இது இன்னும் விளங்கும். அது ரிக் வேதத்தின் பின்னிணைப்பான கிலப் பகுதியில் வருகிறது. பொன், குதிரை, தேர் எல்லாம் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவளுடைய பிள்ளைகள் யார் என்று பாருங்கள். ஒருவன் கர்தமன், இன்னொருவன் சிக்லீதன். கர்தமம் என்றால் சேறு, சிக்லீதம் என்றால் ஈரம். ‘சேறே, உன் தாயை என் வீட்டில் குடியிருக்கச் சொல்’ என்றுதான் வேண்டுதலே போகிறது. அவளுக்கு ‘கரீஷிணீ’ என்றும் ஒரு பெயர். சாணமும் எருவும் நிறைந்தவள் என்று பொருள். அப்பா இந்த இடத்துக்கு வந்தபோது, சிறுமியாக இருந்த நான் முகம் சுளித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் நடவு வயலுக்கு அழைத்துப்போனார். கணுக்கால் வரை புதையும் சேறு, எரு மணம், தண்ணீரில் வானம், வரிசையாகக் குனிந்த பெண்கள். ‘பார்த்துக்கொள், இதுதான் உன் ஒன்பதாவது மந்திரம்’ என்றார்.

காசுக்கும் அவளுக்கும் உறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குப்தர் காசுகளில் இருக்கிறாள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முடிவில் முகமது கோரிகூட, மக்கள் கைபழகிய காசு என்பதால், அமர்ந்த லட்சுமி உருவத்துடன் பொற்காசு வெளியிட்டார். ஆனால் முதலில் ஈரம், பிறகு நெல், அதன் பிறகுதான் காசு.

எங்கள் வீட்டில் வரலட்சுமி நோன்பு வழக்கம் இல்லை. புதிதாக வந்த மருமகள் எடுக்க ஆசைப்படுகிறாள். கலசத்தில் வைக்கும் அம்மனின் வெள்ளி முகம் வாங்கும் வசதி இப்போது இல்லை. செய்யலாமா மாமி? (திருச்சி)

தாராளமாக. வழக்கம் என்பது யாரோ ஒருத்தி முதல் தடவை செய்ததுதானே! நோன்பின் கதையில் வரும் சாருமதியின் ஊரிலும் அதற்கு முன்பு அது இருந்ததில்லை. தேவி கனவில் வந்து சொன்ன பிறகுதான் அவள் அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு செய்தாள்.

ஆவணிப் பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நோன்பு. சில ஆண்டுகளில் அது ஆடியிலேயே வந்துவிடும், பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் இல்லையென்றால் தேங்காயில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, அது காய்ந்ததும் கண், மூக்கு, வாய் எழுதுங்கள். என் பாட்டி மையைத் தீக்குச்சி முனையில் தொட்டு எழுதுவார். ஒரு கண் எப்போதும் சற்றுப் பெரியதாகிவிடும், அந்த ஆண்டு முழுக்க அம்மன் எங்களைச் சாய்ந்து பார்ப்பதாகச் சொல்லிச் சிரிப்போம்.

சொம்பில் பச்சரிசி, ஒரு விரலி மஞ்சள், வெற்றிலைப் பாக்கு, எலுமிச்சம்பழம், நாணயம், காதோலை கருகமணி போடுவது வழக்கம். வாயில் மாவிலைக் கொத்து, மேலே தேங்காய். சில வீடுகளில் அரிசிக்குப் பதில் தண்ணீர். வியாழன் மாலை கலசத்தை வாசற்படிக்கு அருகே வைத்து, விளக்கேற்றி, பாட்டுப் பாடி உள்ளே அழைத்து வர வேண்டும். தமிழ் வீடுகளிலும் அந்த நேரத்தில் ‘லக்ஷ்மி ராவே மா இண்டிகி’ என்ற தெலுங்குப் பாட்டுதான். ‘லட்சுமி, எங்கள் வீட்டுக்கு வா’ என்பதற்கு மேல் அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். வெள்ளியன்று பூஜை, கொழுக்கட்டை, பாயசம், வடை. ஒன்பது முடிச்சிட்ட மஞ்சள் சரட்டை வலக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை புனர்பூஜை என்ற மறுபூஜை முடித்துக் கலசத்தை அரிசிப் பானையில் வையுங்கள். பலர் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். வாசலில் அழைத்தவளைக் கடைசியில் கொண்டுபோய் விடும் இடம் பீரோ அல்ல, அரிசிப் பானை. கலசத்து அரிசியில் அடுத்த வெள்ளிக்கிழமை பாயசம் செய்துவிடலாம்.

அந்த வெள்ளிக்கிழமை மாதவிலக்காகிவிட்டால்?

அடுத்த வெள்ளிக்கிழமை செய்யுங்கள். பெரியவர்கள் எப்போதும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். இதற்காக மாத்திரை போட்டு நாளைத் தள்ளிப்போடாதீர்கள். இதைச் சற்றுக் கோபமாகவே எழுதுகிறேன்.

கணவர் போய் மூன்று ஆண்டுகளாகின்றன. இதுவரை எடுத்த நோன்பை விட மனமில்லை. மகள் ‘நீ செய் அம்மா’ என்கிறாள், நாத்தனார் கூடாது என்கிறார். (சேலம்)

சுமங்கலி நோன்பு என்று இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், அதனால் உங்கள் நாத்தனார் சொல்வது பழக்கத்தில் இல்லாத சொல் அல்ல. என் அம்மாவும் அப்பா போன பின் அந்த நாளில் பின்கட்டில் உட்கார்ந்து கொழுக்கட்டைச் சொப்பு பிடித்துக்கொடுத்தபடி இருந்தார், கூடத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு சொப்பும் அச்சில் வார்த்தது போல இருக்கும். கூடத்தில் நாங்கள் தப்பும் தவறுமாகப் பாடுவோம், சரியான அடி உள்ளேயிருந்து வரும். நான்காவது ஆண்டு நான் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து கலசத்துக்கு முன்னால் உட்காரவைத்தேன். வீட்டில் எந்தக் கேடும் வந்துவிடவில்லை.

திருமகள் தாய் என்று சொல்லிவிட்டு, துக்கத்தில் இருக்கும் மகளை அவள் வெளியே நிறுத்துவாள் என்றும் சொன்னால் இரண்டும் ஒட்டவில்லை. உங்கள் மகள் பக்கத்தில் இருக்கட்டும். செய்யுங்கள்.

மூதேவி என்று திட்டுகிறோமே, அவளும் தெய்வமா? (மதுரை, கல்லூரி மாணவர்)

தெய்வமேதான் தம்பி. மூத்த தேவி மூதேவி ஆனாள். வடமொழியில் ஜேஷ்டா, அதுவே தமிழில் சேட்டை, பழந்தமிழில் தவ்வை. பல்லவர் காலத்தில் அவளுக்கு முறையான வழிபாடு இருந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவள் சிற்பம் இருக்கிறது. பருத்த வயிறு, காக்கைக் கொடி, கழுதை வாகனம், பக்கத்தில் மாட்டுத் தலை மகனும் ஒரு பெண்ணும். பல பழைய கோயில்களில் இந்த உருவம் மதிலோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும், யாரென்று தெரியாமலே கடந்துபோவோம். தொண்டரடிப்பொடி ஆழ்வார் ‘சேட்டையிடம் போய்ச் செல்வம் எதிர்பார்க்கிறீர்களே’ என்று மக்களைக் கடிந்துகொள்கிறார். கடிந்துகொள்ளும் அளவுக்கு அவளிடம் கூட்டம் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வள்ளுவர் இந்த அக்கா தங்கையை வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார். சோம்பலில் மூதேவி இருக்கிறாள், சோம்பலில்லாதவன் முயற்சியில் தாமரையினாள் இருக்கிறாள் என்பது 617ஆம் குறள். பொறாமைக்காரனைப் பார்த்துச் சலித்த திருமகள், அவனைத் தன் அக்காளிடம் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்பது 167. முகவரி கொடுத்து அனுப்பிவைப்பது போல! ஸ்ரீசூக்தமோ பசியையும் தாகத்தையுமே அலட்சுமி என்கிறது. ஆகவே இனி யாரையாவது மூதேவி என்று திட்டுமுன், அவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிடலாம்.

வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் பணம் கொடுக்கக் கூடாதாமே?

வீட்டுப் பணத்தை நாளெல்லாம் கைமாற்றாகத் தந்துகொண்டிருக்காதே என்ற சிக்கன யோசனை அது. கீரைக்காரம்மாவுக்குத் தர வேண்டிய முப்பது ரூபாயை ‘இன்று வெள்ளிக்கிழமை, நாளை வா’ என்று இழுத்தடிப்பதற்கான சாக்கு அல்ல. அவர் வீட்டிலும் இன்று வெள்ளிக்கிழமைதான்.

அட்சய திருதியைக்குக் கடன் வாங்கியாவது தங்கம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அட்சயம் என்றால் குறையாதது. அன்றைக்குப் பழைய வழக்கம் தானம். வெயில் கொளுத்தும் நேரம், அதனால் நீர்க்குடம், விசிறி, குடை, தயிர்சாதம் தருவார்கள். நகைக்கடை வரிசை நம் கண்ணெதிரே வளர்ந்தது. குறையாமல் வளரும் நாளில் கடன் வாங்கினால் எது வளரும் என்று நீங்களே யோசியுங்கள்.

கனகதாரா தோத்திரத்தைத் தினமும் படித்தால் கடன் அடையுமா ஐயா? (கோவை)

நான் ஐயா இல்லை, அம்மா. பரவாயில்லை.

அந்தத் தோத்திரத்தின் கதை நினைவிருக்கிறதா? சிறுவனான ஆதிசங்கரர் பிட்சைக்குப் போகிறார். அந்த வீட்டுப் பெண்ணிடம் இருந்தது ஒரே ஒரு நெல்லிக்காய், அதைக் கொடுத்துவிடுகிறாள். அவர் மனம் உருகிப் பாடுகிறார், பொன் நெல்லிக்கனிகள் பொழிகின்றன. கவனியுங்கள், பாடியவர் தனக்காகக் கேட்கவில்லை. பொன் பெற்றவள் எதையும் கேட்கவே இல்லை, கொடுத்தாள். தினமும் படியுங்கள், மனம் திடப்படும். கூடவே வட்டிக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிவைத்துப் பாருங்கள்.

பெருமாள் கோயிலில் தாயாரை முதலில் சேவிக்க வேண்டுமா, பெருமாளையா?

தாயாரை. பிள்ளை அப்பாவிடம் நேராகப் போகத் தயங்கி அம்மாவின் முந்தானையைப் பிடிப்பதில்லையா, வைணவர்கள் இதைப் புருஷகாரம் என்பார்கள். திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று, பெருமாளும் தாயாரும் சேர்ந்து காட்சி தரும் சேர்த்திச் சேவையில், சரணாகதி கத்யம் என்ற துதியைச் சொன்ன ராமானுஜர், அரங்கனிடம் போகுமுன் முதலில் சரணடைந்தது தாயாரிடம்தான். அதே திருவரங்கத்தில் தாயார் படிதாண்டாப் பத்தினி, உற்சவரான நம்பெருமாள்தான் அவள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். நாச்சியார்கோயிலில் எல்லாவற்றிலும் முதல் மரியாதை தாயாருக்கே. திருநின்றவூரில் தாயாரின் பெயரே ‘என்னைப் பெற்ற தாயார்’. ஒரு தடவை அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஆந்தை லட்சுமியின் வாகனம் என்கிறார்களே, படத்தை வீட்டில் வைக்கலாமா?

வங்காளத்தில் அப்படித்தான் வழிபடுகிறார்கள். நம் பக்கம் அந்த வழக்கம் இல்லை. பிடித்தால் வையுங்கள்.

வில்வம் சிவனுக்குத்தானே? லட்சுமிக்குச் சார்த்தலாமா?

சார்த்தலாம். ஸ்ரீசூக்தமே வில்வத்தை அவளுடைய மரம் என்கிறது. வில்வ இலையின் பின்புறம், பசுவின் பின்புறம், யானையின் மத்தகம், தாமரை, பெண்ணின் வகிடு என்று அவள் உறையும் ஐந்து இடங்களைச் சொல்வார்கள்.

மாமியார் தந்த வெள்ளி முகம் நசுங்கி, ஒரு கன்னம் உள்ளே போயிருக்கிறது. கறுத்தும்விட்டது. உருக்கிப் புதிதாகச் செய்யலாமா, பின்னமான முகத்தை வைக்கக் கூடாதா? (காரைக்குடி)

பின்னம் என்பது உடைந்து பிளந்தால். நசுங்கியது பின்னம் ஆகாது. உருக்கிவிடாதீர்கள், மாமியார் கைபட்ட முகம் திரும்பக் கிடைக்காது. பழகிய வெள்ளி ஆசாரியிடம் கொடுத்தால் உள்ளிருந்து தட்டிக் கன்னத்தை எடுத்துத் தருவார். கறுப்புக்கு வெந்நீரில் கழுவி, உலர்ந்த விபூதியைப் பருத்தித் துணியில் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். பல் துலக்கும் பசை வேண்டாம், கீறல் விழும். புருவத்து மடிப்பில் மட்டும் கொஞ்சம் கறுப்பை விட்டுவையுங்கள், மை தீட்டியது போல இருக்கும்.